பேஸ்காரர் லீடரா நின்னா: சார்லஸ் மிங்கஸை முதல்முதலா கேக்கப் போறவங்களுக்கு ஒரு வழி

ஜாஸ்ல பேஸ், அதாவது ஆள் உயரத்துக்கு நிக்கற பெரிய வயலின் மாதிரி இருக்கற டபுள் பேஸ், வாசிக்கறவங்க லீடரா இருந்து போட்ட ரெக்கார்டுகள்ல எது பெஸ்ட்டுன்னு தேடுனீங்கன்னா முதல் ரெண்டு மூணு பேருக்குள்ள சார்லஸ் மிங்கஸ் வந்துருவாரு, சரி அவரோடதுல எது பெஸ்ட்டுன்னு பாத்தா 1963-ல வந்த 'தி ப்ளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' மேல வந்து நிக்கும், அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார், மாஸ்டர்பீஸ், இத்யாதி. நானும் அதைத்தான் முதல்ல போட்டேன். கம்பெனி பஸ்ல, ஒரு காது மட்டும் வேலை செஞ்ச இயர்போன்ல. நாலாவது நிமிஷம் ஆஃப் பண்ணிட்டேன். ஒரே மண்டபத்துல ரெண்டு நாயன செட்டை உக்கார வெச்சு ரெண்டு பேரையும் ஒண்ணா வாசிங்கன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.

அப்புறம் ரெண்டு வருஷம் அந்தப் பக்கமே போகல. வேற ஒரு ரெக்கார்டு வழியா திரும்ப உள்ள வந்து, கடைசியா அதே ஆல்பத்துக்குப் போனப்பதான் அதைப் பத்தி எழுதுனவங்க எதைச் சொல்றாங்கன்னே விளங்குச்சு. விமர்சகர்கள் பொய் சொல்லல, அவங்க மொட்டை மாடில நின்னு காத்து சூப்பரா வருதுன்னு சொல்றாங்க, நாம இன்னும் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருக்கோம், அவ்வளவுதான். அதனால படி எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதி வெக்கறேன். நான் மியூசிக் படிச்சவன் இல்ல, நொட்டேஷன் பாத்து வாசிக்கத் தெரியாது, கேக்க மட்டும்தான் தெரியும்.

ஸ்டெப் 1: முதல்ல காதுக்கு ஏற்பாடு

இதைச் சாதாரணமா நினைக்காதீங்க. டபுள் பேஸோட கடைசி தந்தி கிட்டத்தட்ட 41 ஹெர்ட்ஸ்ல அதிரும், ஃபோன் ஸ்பீக்கரால அந்த அடி சத்தத்தைத் தரவே முடியாது. ஃபோனை டேபிள்ல வெச்சு மிங்கஸ் கேக்கறது, மிருதங்கத்துல வலந்தலை மட்டும் கேக்கற கச்சேரி மாதிரி. சுமாரான இயர்போன் போதும், ஆனா ரெண்டு காதும் வேலை செய்யணும், ஏன்னா அந்தக் காலத்து ஸ்டீரியோ மிக்ஸ்ல சில வாத்தியத்தை முழுசா ஒரு பக்கமே தள்ளி வெச்சிருப்பாங்க, ஒரு காது போச்சுன்னா பேண்ட்ல பாதி பேர் லீவு.

'பேஸ் பூஸ்ட்'னு செட்டிங் இருந்தா அதை ஆஃப் பண்ணிடுங்க. பேஸ் கேக்கத்தானே போறோம், ஆன்ல இருந்தா நல்லதுதானேன்னு தோணும், ஆனா அது சினிமா பாட்டுல வர்ற டம் டம்முக்குப் போட்ட செட்டிங், மரப்பொட்டி வாத்தியத்தை அது குழப்பிடும். ஒவ்வொரு ஸ்வரமும் தனியா விழறது போய் ஒரே முழக்கமா ஆயிடும். விரல் தந்தியை இழுத்து விடற 'டக்'குங்கற சத்தம் தெளிவா கேக்கணும், அது கேட்டா செட்டிங் சரியா இருக்குன்னு அர்த்தம்.

ஸ்டெப் 2: ஆள் யாருன்னு ரெண்டு நிமிஷம்

1922-ல அரிசோனால நொகாலஸ்ங்கற ஊர்ல பொறந்தவர், வளந்தது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வாட்ஸ்ல. முதல்ல ட்ராம்போன், அப்புறம் செல்லோ, அதுக்கப்புறம்தான் பேஸ். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்ல வாசிச்ச ஒருத்தர்கிட்ட முறையா கத்துக்கிட்டாரு. சின்ன வயசுல சர்ச்ல கேட்ட கைதட்டலும் கூச்சலும் ஒரு பக்கம், ஜாஸ்ல பெரிய பேண்ட் லீடரான ட்யூக் எலிங்டன் மேல இருந்த பக்தி இன்னொரு பக்கம், இந்த ரெண்டும் கடைசி வரைக்கும் அவரை விடல. 1952-ல ட்ரம்மர் மேக்ஸ் ரோச்சோட சேந்து 'டெபூட்'னு சொந்தமா ரெக்கார்டு கம்பெனியே நடத்தி இருக்காரு. 1979 ஜனவரி 5, மெக்சிகோல இறந்தாரு, 56 வயசு. அவர் அஸ்தியை மனைவி சூ மிங்கஸ் இந்தியாவுக்குக் கொண்டு வந்து கங்கைல கரைச்சாங்க.

கோவக்காரர். சும்மா இல்ல, நிஜமாவே. 1953-ல எலிங்டன் பேண்ட்ல சேந்த கொஞ்ச நாள்லயே சக ஆர்ட்டிஸ்ட்டோட அடிதடி, எலிங்டனே நேர்ல சொல்லி வெளிய அனுப்பினாரு, தான் சாமி மாதிரி கும்பிட்ட ஆள் கையாலயே. 1962-ல தன் பேண்ட் ட்ராம்போன்காரர் ஜிம்மி நெப்பரை வாயில குத்தி பல்லை உடைச்சாரு, ட்ராம்போன்காரருக்கு வாய்தான் சோறு. இதை எல்லாம் 'ஜீனியஸ்னா அப்படித்தான் இருப்பாங்க'ன்னு அழகா எழுதற ரிவ்யூ பாத்தீங்கன்னா தாண்டிப் போங்க. எனக்கு அந்த டைப் எழுத்து பிடிக்கறதில்ல.

ஸ்டெப் 3: முதல்ல ஒரே ஒரு ட்ராக், அதுவும் பேஸுக்காக மட்டும்

'ஹெய்ட்டியன் ஃபைட் சாங்'. 1957-ல அட்லாண்டிக் கம்பெனிக்குப் போட்ட 'தி க்ளவுன்' ஆல்பத்தோட முதல் ட்ராக், 12 நிமிஷம் கிட்ட. ஆரம்பத்துல வேற யாரும் இல்ல, மிங்கஸ் மட்டும்தான். தாளம் கிடையாது, நம்ம ஆலாபனை மாதிரி இழுத்து இழுத்து, ஒரு தந்தியை மீட்டி அப்படியே விட்டுட்டு அது அடங்கற வரைக்கும் காத்திருந்து அடுத்ததுக்குப் போவாரு. அப்புறம் மெதுவா ஒரு சின்ன வரியைப் பிடிப்பாரு. அதையே திரும்பத் திரும்ப.

அந்த வரி விழுந்ததும் நீங்க வேற எதையும் கவனிக்காதீங்க. மேல ட்ராம்போன் வரும், அதே ராகத்தைத் துரத்திக்கிட்டு சாக்ஸ் வரும், ட்ரம்ஸ் ஏறும், சத்தம் கூடிக்கிட்டே போகும், எல்லாம் நடக்கட்டும், காது மட்டும் அந்த அடி வரியை விடக் கூடாது. சின்ன வயசுல தேர் இழுக்கற கூட்டத்துல அப்பா விரலைப் பிடிச்சுக்கிட்டு நடந்த மாதிரி பிடிச்சுக்கோங்க. கூட்டம் தள்ளும், விரல் விடக் கூடாது. நடுவுல வேகம் ரெட்டிப்பாகும், திரும்ப இறங்கும். அந்த மாத்தம் எங்க முடிவாகுதுன்னு பாத்தீங்கன்னா பெரும்பாலும் பேஸ்லயும் ட்ரம்ஸ்லயும்தான் முடிவாகுது, மத்தவங்க அந்த வண்டில ஏறிக்கறாங்க.

ட்ரம்ஸ்காரர் டேனி ரிச்மண்ட். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசி வரை வருவாரு. அவர் முதல்ல சாக்ஸ் வாசிச்சவர், இருபது வயசு தாண்டினதுக்கு அப்புறம்தான் ட்ரம்ஸ் பக்கமே வந்தாரு, வந்த கொஞ்ச நாள்ல மிங்கஸோட சேந்துட்டாரு, அதுக்கப்புறம் கிட்டத்தட்ட இருபது வருஷம். தனியாவர்த்தனத்துல பக்கத்து ஆளை ஓரக்கண்ணால பாத்தே அடுத்தது என்னன்னு புரிஞ்சுக்கற ஜோடி உண்டு இல்லையா, அந்த டைப்.

இந்தப் பாட்டை வாசிக்கறப்ப இன வெறுப்பையும் அநியாயத்தையும் மனசுல நினைக்கலைன்னா சரியா வாசிக்க வராதுன்னு மிங்கஸே சொல்லி இருக்காரு. மூணு நாலு தடவை கேட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. அதே ஆல்பத்துல டைட்டில் ட்ராக்ல ஒருத்தர் இங்கிலீஷ்ல கதை சொல்லுவாரு, அதை இப்ப விட்டுடலாம்.

ஸ்டெப் 4: 'ப்ளூஸ் அண்ட் ரூட்ஸ்', என் கணக்குல இதுதான் வாசப்படி

இந்த ஆல்பம் எப்படி வந்துச்சுங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம். 50-கள்ல மிங்கஸைப் பத்தி சிலருக்கு ஒரு குறை இருந்துச்சு, குறிப்பா விமர்சகர்களுக்கு: இவரு மூளையால மட்டும் மியூசிக் போடறாரு, 'ஸ்விங்' பத்தல, அதாவது உடம்பு ஆடல. அட்லாண்டிக்ல நெசுஹி எர்ட்டகன், அப்படின்னா அந்த ஹெய்ட்டியன் ஃபைட் சாங் டைப்ல முழுக்க ப்ளூஸாவே (அமெரிக்கக் கறுப்பினத்தவங்களோட பழைய பாட்டு பாணி) ஒரு ஆல்பம் போட்டுடுங்களேன்னு சொன்னாரு. இதை மிங்கஸே ஆல்பம் அட்டைல எழுதி இருக்காரு. 1959 பிப்ரவரி 4, ஒரே நாள் ரெக்கார்டிங். ஆக இன்னைக்கு எல்லாரும் தலைல தூக்கி வெச்சு ஆடற ஒரு ரெக்கார்டு, விமர்சகர்கள் திட்டினதுக்குச் சொன்ன பதில். நேத்து குறை சொன்ன கூட்டமே இன்னைக்குக் கும்பிடு போடுது. விமர்சகர்களைப் படிக்கறப்ப இதை ஒரு மூலைல வெச்சுக்கிட்டுப் படிக்கறது நல்லது.

இதுல 'மோனின்'னு ஒரு ட்ராக். தேடறப்ப கவனம், இதே பேர்ல ஆர்ட் ப்ளேக்கி பேண்ட் வாசிச்ச பாட்டு ஒண்ணு இருக்கு, அதுதான் ரொம்ப ஃபேமஸ், ஆப் அதைத்தான் முதல்ல காட்டும். அது வேற பாட்டு, இது வேற பாட்டு, பேர் மட்டும்தான் ஒண்ணு. நான் ஒரு மாசம் தப்பான மோனினைக் கேட்டுட்டு இதுல பேஸ் எங்கடா தலைல நிக்குதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன். சிரிக்காதீங்க.

சரியான மோனினைப் பிடிச்சதும் இப்படிச் செய்ங்க. கையில ஒரு பேப்பர், பேனா. ப்ளே. முதல்ல பெப்பர் ஆடம்ஸ்ங்கறவர் பாரிட்டோன் சாக்ஸ்ல தனியா ஒரு வரி வாசிப்பாரு. பாரிட்டோன்னா சாக்ஸ் குடும்பத்துல தாத்தா குரல், கரகரன்னு, பழைய புல்லட்டை சைட் ஸ்டாண்டுல நிறுத்தி ஸ்டார்ட் பண்ண மாதிரி. அது ஒரு சுத்து ஓடும். அப்புறம் கீழ பேஸும் ட்ரம்ஸும் சேரும். அப்புறம் ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரும் வேற வேற வரியோட, ஒருத்தர் வரி முடியறதுக்குள்ள இன்னொருத்தர் புகுந்துடுவாரு. யார் வந்தாலும் பேப்பர்ல ஒரு கோடு போடுங்க. எத்தனை கோடு வருதோ அத்தனை நாள் இந்த ட்ராக் உங்களுக்கு வேலை குடுக்கும். முதல் தடவை எனக்கு மூணு கோடுதான் வந்துச்சு. மொத்தம் இருக்கறது ஆறு ஊதற ஆளுங்க: ரெண்டு ஆல்ட்டோ, ஒரு டெனர், ஒரு பாரிட்டோன் (இந்த மூணும் சாக்ஸ் வகைங்கதான்), ரெண்டு ட்ராம்போன். இது போக பியானோ, பேஸ், ட்ரம்ஸ். நடுநடுவுல யாரோ கத்தற சத்தம் வரும், அது ரெக்கார்டிங் கோளாறு இல்ல, மிங்கஸ்தான். பேஸை வாசிச்சுக்கிட்டே ஆளுங்களை விரட்டறாரு.

இவ்வளவு பேர் ஒண்ணா வாசிச்சும் ஏன் இடிக்கலைன்னா, அவர் சொல்லிக்குடுத்த முறை அப்படி. எழுதின பேப்பரைக் குடுத்து இதைப் பாத்து வாசின்னு சொல்லாம, பியானோல வாசிச்சுக் காட்டி, வாயால பாடிக் காட்டி, காதால பிடிச்சுக்கோன்னு விடுவாரு. பாட்டு டீச்சர் வரிவரியா சொல்லிக்குடுத்து நாம திருப்பிச் சொன்ன மாதிரியேதான். பேப்பர்ல இருக்கறதை வாசிச்சா பேப்பர் மாதிரியே இருக்கும், காதுல வாங்குனா வாசிக்கறவன் குரல் அதுல கலந்துடும். தன் பேண்டுக்கு 'ஜாஸ் வொர்க்‌ஷாப்'னுதான் பேர் வெச்சிருந்தாரு, பட்டறை. மேடைலயே பாட்டை நிறுத்தித் திருத்தின ஆளு.

அடுத்து 'வெட்னஸ்டே நைட் ப்ரேயர் மீட்டிங்' கேளுங்க, அவர் சின்ன வயசுல பாத்த புதன்கிழமை ஜெபக் கூட்டம். ஆறாறா எண்ணற தாளம், கால் தானா ஆடும். ஒரு இடத்துல எல்லா வாத்தியமும் நின்னு போயி வெறும் கைதட்டல் மட்டும் இருக்கும்.

ஸ்டெப் 5: 'மிங்கஸ் ஆ அம்'

இப்ப விமர்சகர் லிஸ்ட்டுக்குள்ள வர்றோம். 1959 மே மாசம் 5, 12 ரெண்டு நாள்ல கொலம்பியாவுக்காகப் பண்ணது, ப்ரொட்யூசர் டியோ மசேரோ. 'பெங்குயின் கைடு'ன்னு ஜாஸ் ரெக்கார்டுகளுக்கு ஒரு தலகாணி சைஸ் புக் உண்டு, அதுல ஸ்டாருக்கு மேல அபூர்வமா ஒரு கிரீடம் போடுவாங்க, இதுக்குக் கிரீடம் உண்டு. 2003-ல அமெரிக்க காங்கிரஸ் லைப்ரரி பாதுகாக்கவேண்டிய ரெக்கார்டுகள் பட்டியல்ல இதைச் சேத்தாங்க. மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் அதே வருஷம், அதே கம்பெனி, அதே 30-ஆவது தெரு ஸ்டூடியோ, அது ஒரு பழைய சர்ச்சை மாத்தின இடம்.

இதை எப்படிக் கேக்கறதுன்னா, யாருக்கு அஞ்சலின்னு பாத்து பாத்துக் கேளுங்க. பாதி ஆல்பம் ஆளுங்க பேர்லதான் இருக்கு. எலிங்டனுக்கு ஒண்ணு, பழைய காலத்து பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டனுக்கு ஒண்ணு. 'குட்பை போர்க் பை ஹேட்' சாக்ஸ்காரர் லெஸ்டர் யங்குக்கு. அவர் எப்பவும் அந்த மாதிரி தட்டையான தொப்பிதான் போடுவாரு. 1959 மார்ச் 15 லெஸ்டர் போயிட்டாரு, ரெண்டு மாசத்துல இந்தப் பாட்டு ரெக்கார்டாகுது. இதுல சோலோ வர்ற இடத்துல ஜான் ஹேண்டி டெனர் சாக்ஸ்ல ஒரே ஸ்வரத்தை நாக்கை உருட்டி நடுங்க விடுவாரு, தொண்டை அடைச்சுக்கிட்டு பேச்சு வராம நிக்கற மாதிரி. அந்த நேரத்துல பேஸ் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஒண்ணும் பண்ணல. மெதுவா நடந்துக்கிட்டே இருக்கு. துக்க வீட்ல ஒருத்தர் உக்காந்து அழறப்ப இன்னொருத்தர் எழுந்து டீ போடப் போவாங்களே, அப்படி.

ஒரு சின்ன எச்சரிக்கை. முதல்ல வந்த எல்பில இடம் பத்தாம பல ட்ராக்கை வெட்டிட்டாங்க, பின்னாடி வந்த சிடிகள்ல வெட்டினதைத் திரும்பச் சேத்தாங்க. அதனால ஆப்ல ஒரே பாட்டு ரெண்டு நீளத்துல இருக்கும். நீளமானதையே எடுத்துக்கோங்க.

'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்'ங்கற ட்ராக்கை இதுல ஒரு தடவை கேட்டு வெச்சுக்கோங்க, அடுத்த ஸ்டெப்புக்கு வேணும். ஆர்வல் ஃபாபஸ்ங்கறவர் ஆர்கன்சா மாநில கவர்னர். 1957-ல லிட்டில் ராக்ல ஒரு ஸ்கூலுக்கு ஒன்பது கறுப்பினப் பிள்ளைங்க படிக்க வந்தப்ப, உள்ள விடாதேன்னு நேஷனல் கார்டு படையை வாசல்ல நிறுத்தினவர். இந்தப் பாட்டு அந்த ஆளைக் கிண்டல் பண்ணி. ட்யூனே ஒரு கோமாளி நடை நடக்கும், தொப்பையைத் தூக்கிக்கிட்டு அதிகாரி நடந்து போற மாதிரி. ஆனா கொலம்பியா ரெக்கார்டுல வாத்தியம் மட்டும்தான், வாயைத் திறக்க மாட்டாங்க. கம்பெனி வார்த்தையை அனுமதிக்கலைன்னு சொல்லுவாங்க.

ஸ்டெப் 6: நாலே பேர், பியானோ இல்ல

1960 அக்டோபர் 20. 'சார்லஸ் மிங்கஸ் ப்ரெசன்ட்ஸ் சார்லஸ் மிங்கஸ்', கேண்டிட்னு ஒரு சின்ன கம்பெனி, ப்ரொட்யூசர் நாட் ஹென்டாஃப், அவரே ஒரு விமர்சகர்தான். பேஸைப் பிடிக்கறதுக்கு இதை விட நல்ல ஆல்பம் இவர்கிட்ட இல்லைன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா பியானோவே கிடையாது, எரிக் டால்ஃபி ஒரு பக்கம் சாக்ஸும் பேஸ் க்ளாரினெட்டும், டெட் கர்சன் ட்ரம்பெட், டேனி ரிச்மண்ட், அவ்வளவுதான், நடுவுல பெரிய காலி இடம், அந்த இடம் முழுக்க மிங்கஸ்.

ஆரம்பத்துலயே அவர் குரல் வரும். க்ளப்ல பேசற மாதிரி, பாட்டு நடக்கறப்ப கைதட்டாதீங்க, க்ளாஸ்ல ஐஸைக் குலுக்கி சத்தம் பண்ணாதீங்கன்னு. ஆனா அங்க ஒரு ஜீவன் கிடையாது, அது ஸ்டூடியோ. மாசக்கணக்கா ஒரு க்ளப்ல வாசிச்சுப் பழகின பேண்ட், அந்த சூட்டை ஸ்டூடியோவுக்குள்ள கொண்டு வரணும்னு லைட்டைக் கம்மி பண்ணிட்டு, இல்லாத ஆடியன்ஸைத் திட்டிட்டு ஆரம்பிக்கறாரு. எனக்கு முதல் தடவை தெரியாது, லைவ்னே நினைச்சேன், முடிஞ்சதும் கைதட்டல் வரலையேன்னு பாத்தேன்.

இதுல 'ஒரிஜினல் ஃபாபஸ் ஃபேபிள்ஸ்'. அதே பாட்டு, இப்ப வாயைத் திறந்துட்டாங்க. மிங்கஸ் கத்தி ஒரு கேள்வி கேப்பாரு, ரிச்மண்ட் ட்ரம்ஸ் பின்னாடி இருந்து பதில் சொல்லுவாரு, ஊர்ல தெருக்கூத்துல கட்டியங்காரன் ராஜாவை வெச்சு செய்யற மாதிரி. பேர் சொல்லி, நேரா. இந்த ரெண்டு ஃபாபஸையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க, நடுவுல 17 மாசம்தான் வித்தியாசம். பெரிய கம்பெனி ரெக்கார்டு அழகா இருக்கு, சின்ன கம்பெனி ரெக்கார்டு பேசுது. எது நல்லதுன்னு நான் சொல்லல, ஆனா நான் எதைத் திரும்பப் போடறேன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

'வாட் லவ்' 15 நிமிஷம் ஓடும், பொறுமை வேணும். அதுல ஒரு கட்டத்துல தாளம் எல்லாம் நின்னு மிங்கஸும் டால்ஃபியும் மட்டும், பேஸும் பேஸ் க்ளாரினெட்டும், பேசறாங்க. உவமைக்குச் சொல்லல, நிஜமாவே பேச்சு மாதிரியே இருக்கும், ஒருத்தர் முணுமுணுக்க, இன்னொருத்தர் ஏன்டான்னு ஏற, இவர் சமாதானமா ஒரு இழுப்பு இழுக்க, அவர் முடியாதுங்க. டால்ஃபி பேண்டை விட்டுப் போகப் போறேன்னு சொன்ன சமயம் அது. பக்கத்து வீட்டு சண்டையை ஜன்னல் வழியா கேக்கற உணர்ச்சி, வார்த்தை புரியலைன்னாலும் யார் பக்கம் நியாயம்னு நமக்கு ஒரு அபிப்பிராயம் வந்துடும்.

ஸ்டெப் 7: இப்பதான் 'ப்ளாக் செயின்ட்'

நைட்டு, லைட் அணைச்சு, ஃபோன்ல நோட்டிஃபிகேஷன் ஆஃப். மொத்தம் 40 நிமிஷத்துக்குள்ளதான். நாலு ட்ராக்கா இருந்தாலும் இது ஒரே துண்டு, ஷஃபிள்ல போட்டா பாவம். 1963 ஜனவரி 20 ரெக்கார்டிங், இம்பல்ஸ் கம்பெனி, 11 பேர். டான்ஸுக்காக, பாலே மாதிரி யோசிச்சு எழுதினது. அந்தக் கம்பெனி எல்லா அட்டைலயும் 'ஜாஸ்'னு வர்ற மாதிரி ஒரு விளம்பர வரி போடும், இதுல மட்டும் ஜாஸை எடுத்துட்டு 'ஃபோக்'னு மாத்தி இருப்பாங்க. அட்டைக் குறிப்புல ஒரு பகுதி எழுதினது யார் தெரியுமா, மிங்கஸுக்கு சிகிச்சை குடுத்த சைக்காலஜிஸ்ட். விமர்சகர்களுக்குப் பதிலா சைக்காலஜிஸ்ட்கிட்ட ரிவ்யூ வாங்கின ஆல்பம் எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.

நீங்க இப்ப மோனின்ல கோடு போட்டுப் பழகி இருக்கீங்க, அதையே இங்க பண்ணுங்க. ரெண்டு நாயன செட் மோதற மாதிரி எனக்குத் தோணுச்சுன்னு சொன்னேனே, மோதல்தான், ஆனா கீழ பேஸும் ட்யூபாவும் (அடி சத்தம் தர்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம்) தரை போட்டு வெச்சிருக்கு, அந்தத் தரையைப் பிடிச்சுட்டா மேல என்ன மோதினாலும் நீங்க விழ மாட்டீங்க. வேகம் ஏறிக்கிட்டே போற இடங்கள்ல யாரோ ஆக்ஸிலேட்டரை மிதிக்கற மாதிரி மொத்த பேண்டும் சேந்து ஏறும், 11 பேரையும் சேத்து ஏத்தறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க, மெட்ரோனோம் கிடையாது, ரிச்மண்ட் கையும் மிங்கஸ் விரலும்தான். நடுவுல ஜே பெர்லினர் ஸ்பானிஷ் கிட்டார் வரும், சுத்தி இருக்கற கூச்சல் எல்லாம் அடங்கி ஒரு ஜன்னல் திறந்த மாதிரி. மனுஷன் வாய்விட்டு அழற மாதிரி ட்ராம்போன் சத்தம் ஒண்ணு வரும், அது க்வென்டின் ஜாக்சன், எலிங்டன் பேண்ட்ல வருஷக்கணக்கா இருந்தவர், பாத்ரூம் அடைப்பு எடுக்கற ரப்பர் கப்பை ட்ராம்போன் வாயில வெச்சு மூடித் திறந்து பண்ற வித்தை.

விமர்சகர்கள் இதுல எதைப் புகழ்றாங்கன்னா மூணு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒண்ணு எலிங்டன் பேர். எலிங்டன் மாதிரின்னா ட்யூன் காப்பி இல்ல, இந்த ஆளோட குரல் இப்படி, அதனால இந்த வரி இவனுக்குன்னு ஆளைப் பாத்து எழுதறது. ரெண்டாவது, எழுதினது எது, அந்த நேரத்துல தோணி வாசிச்சது எதுன்னு பிரிக்க முடியலைங்கறது. மூணாவது ஸ்டூடியோ வேலை: இதுல நிறைய வெட்டி ஒட்டி இருக்காங்க, ஆல்ட்டோ சோலோவைப் பின்னாடி மேல ஏத்தி இருக்காங்க, 1963-ல ஜாஸ்காரங்க இதைப் பண்றது அபூர்வம், சிலர் இதை ஏமாத்து வேலையாவே பாத்தாங்க. பெங்குயின் கைடு கிரீடம் இதுக்கும் உண்டு. ஸ்டாரை விட்டுட்டு இந்த மூணு விஷயத்தை வெச்சுக்கிட்டு ரிவ்யூ படிச்சீங்கன்னா எவன் கேட்டுட்டு எழுதறான், எவன் இன்னொரு ரிவ்யூவைப் பாத்து எழுதறான்னு பத்து வரில தெரிஞ்சிடும்.

அந்த ஆல்ட்டோ சாக்ஸ் சார்லி மரியானோ. இவரைப் பத்தி ஒரு வரி கண்டிப்பா சொல்லணும். பிற்காலத்துல இவர் நாகஸ்வரம் கத்துக்கிட்டு ரெக்கார்டுலயே வாசிச்சவர், பெங்களூர் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷனோட சேந்து 1983-ல 'ஜோதி'ன்னு ஆல்பம் பண்ணவர். இது தெரிஞ்சதுக்கு அப்புறம் ப்ளாக் செயின்ட்ல அவர் சோலோவைத் திரும்பக் கேட்டேன், என் பஸ் ஞாபகத்துல இருந்த நாயன செட் அவ்வளவு தப்பான உவமை இல்லையோன்னு தோணுச்சு. நாகஸ்வரம் அவர் கைக்கு வந்தது அதுக்கு அப்புறம்தான், அதனால இது என் காதோட விளையாட்டு, ஆராய்ச்சி எல்லாம் இல்ல.

ஸ்டெப் 8: இதுக்கு அப்புறம், கொஞ்சம் வழுக்கற இடங்களோட

அதே 1963-ல பண்ணின 'மிங்கஸ் மிங்கஸ் மிங்கஸ் மிங்கஸ் மிங்கஸ்' (அஞ்சு தடவை, எண்ணிட்டேன்) உங்களுக்கு இப்ப ஈஸி, ஏன்னா பழைய பாட்டுங்களையே பேர் மாத்திப் போட்டிருக்காரு. 'டூ பி எஸ்'னு இருக்கறது நம்ம ஹெய்ட்டியன் ஃபைட் சாங், 'தீம் ஃபார் லெஸ்டர் யங்' தொப்பிப் பாட்டு. ஸ்டெப் 3-ல பிடிச்ச அதே வரி பெரிய பேண்ட்ல வர்றப்ப சொந்தக்காரரைக் கல்யாணத்துல கோட் சூட்ல பாத்த மாதிரி இருக்கும்.

'ஓ யா' ஆல்பத்தைப் பேஸுக்காகத் தேடிப் போயிடாதீங்க, அதுல அவர் பியானோ வாசிச்சுப் பாடறாரு, பேஸ் வேற ஆள், டக் வாட்கின்ஸ். ஆல்பம் ஜாலியா இருக்கும், அது வேற விஷயம். 'மிங்கஸ்'னு மட்டும் 1979-ல ஒண்ணு வரும், அது பாடகி ஜோனி மிட்செல் ஆல்பம். 'மிங்கஸ் டைனஸ்டி' 1959-ல பண்ணின ஆல்பம் பேரும்தான், அவர் இறந்ததுக்கு அப்புறம் அவர் பாட்டை வாசிச்ச பேண்ட் பேரும்தான்.

70-கள்ல இருந்து ஒண்ணே ஒண்ணுன்னா 'சேஞ்சஸ் ஒன்', 1974 டிசம்பர் ரெக்கார்டிங். புது ஆளுங்க, டான் புல்லன் பியானோ, ஜார்ஜ் ஆடம்ஸ் டெனர், ஜாக் வால்ரத் ட்ரம்பெட், ட்ரம்ஸ்ல யாருன்னு சொல்ல வேண்டியதில்ல. எலிங்டன் அந்த வருஷம் மே மாசம் போயிட்டாரு, அவருக்கு ஒரு பாட்டு இருக்கு, 'ட்யூக் எலிங்டன்ஸ் சவுண்ட் ஆஃப் லவ்'. இருபத்தியோரு வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டு அனுப்பினவருக்கு இப்படி ஒரு பாட்டு. இதையும் பேஸ்ல ஆரம்பிச்சு கேளுங்க.

1977 கடைசில ஏஎல்எஸ்னு நோயைக் கண்டுபிடிச்சாங்க, தசை எல்லாம் ஒவ்வொண்ணா செயல் இழக்கற நோய், விரல் போச்சு. 1978 ஜனவரில 'மீ மைசெல்ஃப் ஆன் ஐ' ரெக்கார்டிங் நடந்தப்ப வீல்சேர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாரு, பேஸை வேற ஆளுங்க வாசிச்சாங்க. வாசிக்க முடியாத நாள்கள்ல ட்யூனை டேப் ரெக்கார்டர்ல பாடி வெச்சாரு. அந்த ஆல்பத்தைப் போட்டு கண்ணை மூடினா அவர் பேஸ் இல்லைன்னு சட்டுனு தெரியும், ஆனா அடிக்கற அடி அவரோடதுதான். நான் அதை இதுவரைக்கும் ரெண்டு தடவைதான் முழுசா கேட்டிருக்கேன்.